நான்கு ஆங்ஸ்ட்ராமுக்கு உள்ளே

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். முதல் வாரம் எல்லாமே அழகாகத் தெரியும். திரையில் ஒரு புரதத்தை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். நீலமும் சிவப்புமாக அது சுழலும். அந்த அழகை நம்ப வேண்டாம். அந்த உருவத்தையும் ஒரு ஆள்தான் கட்டியிருப்பார். அவருக்கும் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற அவசரம் இருந்திருக்கும்.

நான் படித்து இந்த இடத்துக்கு வந்தவன் இல்லை. பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் கல்லூரியை விட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் துணி மடிக்கிற வேலை, நடுவில் கொஞ்ச காலம் லாரி, அப்புறம் சென்னையில் ஜெராக்ஸ் கடை. எங்கேயும் நிலைத்ததில்லை. சில ஊர்களில் சாப்பாடு கிடைத்தது, சில ஊர்களில் கிடைக்கவில்லை. மதுரைக்குத் திரும்பி வந்தபோது காளவாசலில் ஒரு மாடி அலுவலகத்தில் டைப் அடிக்க ஆள் தேவை என்றார்கள். அடித்ததெல்லாம் வெறும் எண்கள். அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று தெரியாமல் போய்விடக் கூடாதே என்று கொஞ்ச நாள் இருந்து பார்த்தேன். ஓய்வு பெறும்வரை இருந்துவிட்டேன்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்கிறேன். அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த நீண்ட இழை புரதம். கோத்தபின் ஒவ்வொரு மணியையும் ரெசிட்யூ என்கிறோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். இழை தன்மேலேயே மடிந்து பந்தாகும்போது, வெகுதூரம் தள்ளி இருந்த இரண்டு ரெசிட்யூக்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். எது எதைத் தொடுகிறது என்று சொல்வதுதான் நம் பிழைப்பு. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். எதிரெதிர் மின்னூட்டம் உள்ள இரண்டு அணுக்கள் நான்கு ஆங்ஸ்ட்ராமுக்கு உள்ளே இருந்தால் தொடர்பு உண்டு என்று எழுதுவோம். தாண்டினால் இல்லை.

எல்லாரும் இந்த நான்கைத் தாண்டி நிற்பதைத்தான் சந்தேகப்படுவார்கள். உள்ளே நிற்பதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் அலுவலகத்தை நடத்தியவரை டாக்டர் என்போம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கெட்டிக்காரர். தொடர்புகளைக் கணக்கிடும் புரோகிராமை அவரே எழுதினார், வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார். கல்லூரி ஆய்வகங்களும் மருந்துக் கம்பெனிகளும் எங்களிடம் புரதத்தைக் கொடுப்பார்கள். நாங்கள் ஓட்டிப் பார்த்து, தொடர்புகளை டேபிளாகக் கொடுப்போம்.

ஒருநாள் காலை டாக்டர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, வாங்க, கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்."

எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. அத்தனை வருடத்தில் அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. டீ வாங்கிக் கொடுத்ததும் அதுதான் முதல்முறை.

காளவாசல் சிக்னலில் பஸ்கள் ஒன்றை ஒன்று இடிப்பதுபோல நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ரகசியம் பேசத் தோதான இடம். பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது.

"ஒத்தக்கடை மேடம் மெயில் அனுப்பியிருக்காங்கண்ணே," என்றார். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வகம் வைத்திருந்த பேராசிரியை அவர். எங்களுக்குப் பழைய வாடிக்கை. "நம்ம நிர்மலா குடுத்த டேபிள்ல ஒரு கான்டாக்ட் இருக்கு. அறுபத்தொண்ணும் நூத்திப் பதினெட்டும். அப்படி ஒண்ணு இல்லவே இல்லையாம்."

"இல்லாட்டி எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

"அதத்தான் நானும் கேக்குறேன். நம்ம புரோகிராம்லயும் ஓட்டிப் பாத்துட்டேன். வரல. கையால சேத்திருக்கா."

"அவளுக்கு என்னத்துக்கு அந்த வேல?"

"போன வருஷம் மேடத்துக்கிட்ட பி.எச்டி. சீட்டு கேட்டுப் போனா. அவங்க குடுக்கல. மறந்துட்டீங்களா?"

நான் மறக்கவில்லை. டாக்டர் டீயை உறிஞ்சிவிட்டு மிச்சத்தையும் சொன்னார். அந்தப் புரதத்தில் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஒரே தொடர்பு என்று எங்கள் டேபிள் சொன்னது இந்த ஜோடியைத்தான். அதை நம்பி மேடத்தின் மாணவி ஒருத்தி அறுபத்தொன்றாம் மணியை வேறு அமிலமாக மாற்றிப் பார்த்திருக்கிறாள். தொடர்பு அறுந்தால் புரதம் வேலையை நிறுத்த வேண்டும். அது பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. எங்கே தப்பு என்று அந்தப் பெண் ஒரு வருடமாகத் தன் கையையே சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறாள். கடைசியில் அவர்களே ஒரு புரோகிராமில் ஓட்டிப் பார்த்தபோது அந்தத் தொடர்பே இல்லை.

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. நீங்களும் ஒருதடவ பாத்துச் சொல்லிருங்கண்ணே. நீங்க சொன்னா ஒத்துக்குவாங்க."

"என்னன்னு சொல்லணும்?"

"பாத்துட்டுச் சொல்லுங்க," என்று சிரித்தார்.

நிர்மலா எம்.எஸ்சி. படித்தவள். வீடு மகால் பக்கம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். அம்மாவிடம் அவள் போனில் பேசினால் எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. அதிலேயே அலுவலகத்தில் சிலருக்கு ஒரு சந்தேகம். எங்களைத்தான் திட்டுகிறாள் என்று, அவள் வயதுக்காரனான பாண்டி சொல்லிக்கொண்டிருப்பான். ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டான். "ரசத்துக்குப் புளி ஊறப் போடச் சொன்னேன்டா எரும," என்றாள்.

அவளுக்கு அப்போது வேறு ஊரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைக்கிற நிலை. நேர்முகம் முடிந்துவிட்டது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசி முடிவு எடுக்கும் முன் வேலை பார்த்த இடத்துக்குப் போன் போட்டு, ஆள் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்தப் போன் டாக்டருக்குத்தான் வரும். இல்லாத தொடர்பை எழுதியவள் என்று அவர் வாயிலிருந்து வந்தால், அந்த இடம் போகும். அதோடு முடியாது. இந்தத் துறை சின்னது. ஒருவருக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரியும்.

நான் ஓட்டிப் பார்த்தேன். அறுபத்தொன்று அர்ஜினின். நூற்றுப் பதினெட்டு குளுட்டமிக் அமிலம். எதிரெதிர் மின்னூட்டம்தான், ஜோடி சேரக் கூடியவைதான். ஆனால் நடுவே நான்கைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இடைவெளி. தொடர்பு இல்லை. மேடம் சொன்னதும் டாக்டர் சொன்னதும் சரி. அவள்தான் செய்திருக்கிறாள் என்று நானும் நினைத்தேன். கோபம் இருக்கிறது, வாய்ப்பு இருந்தது, வேறென்ன வேண்டும்?

உறுத்திய ஒன்று, டாக்டர் கூப்பிட்ட அந்த ‘அண்ணே’தான்.

மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் போய் நேராகவே கேட்டேன்.

"நிர்மலா, அந்த அறுபத்தொண்ணு நூத்திப் பதினெட்டு. நீயா எழுதுனதா?"

டிபன் பாக்ஸை மூடினாள். "டாக்டர் கேக்கச் சொன்னாரா, நீங்களா கேக்குறீங்களா?"

"ரெண்டும்."

"எழுதணும்னா ஒண்ணே ஒண்ணு ஏண்ணே எழுதுறேன்? மேடத்து மேல கோவம்னா பத்து எழுதியிருக்க மாட்டேனா?"

"பத்து எழுதுனா மாட்டிக்குவ."

"ஒண்ணுக்கே மாட்டிக்கிட்டேன்ல?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்த பதில் வந்தால் நான் இன்னொரு கேள்வி கேட்பது வழக்கம். எந்த மெஷினில் ஓட்டினாய் என்று கேட்டேன்.

"ஜன்னலோரத்து மெஷின். இப்ப பிரிண்டர தூக்கி மேல வெச்சிருக்காங்களே, அது."

அந்தப் பழைய கம்ப்யூட்டரை மூலையில் போட்டுவிட்டு எல்லாரும் புதியதுக்கு மாறியிருந்தோம். பாண்டி பிரிண்டரைத் தூக்கி இறக்கினான். தூசியைத் துடைத்து ஆன் செய்தோம். செத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன், உயிர் இருந்தது. அதே புரதத்தை, அதில் கிடந்த பழைய புரோகிராமில் ஓட்டினாள்.

தொடர்பு உண்டு என்றது.

நிர்மலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்கல்ல?" என்றாள்.

"இந்தப் புரோகிராமையும் நீயே மாத்தி வெச்சிருக்கலாம்ல?" என்றேன்.

"அண்ணே, உங்களுக்குக் கல்யாணம் ஆகாததுக்கு ஜாதகம் காரணம் இல்லண்ணே."

பாண்டி பிரிண்டரைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் கேட்டது விளையாட்டுக்கு இல்லை, அவளுக்கும் அது தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு மெஷினுக்கும் கொடுத்த புரதம் ஒன்றுதானா என்று அவளே முதலில் சரிபார்த்தாள். ஒன்றுதான். அப்புறம் கட்டமைப்பைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.

இங்கே நம் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். புரதத்தைப் படிகமாக உறைய வைத்துத்தான் அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் படிகத்துக்குள் ஒரே புரதம் கோடி கோடியாக அடுக்கியிருக்கும். சில ரெசிட்யூக்களில், இழையிலிருந்து பக்கவாட்டில் நீளும் கை ஒரே இடத்தில் நிற்காது. சில பிரதிகளில் இந்தப் பக்கம், சில பிரதிகளில் அந்தப் பக்கம். கட்டமைப்பைக் கட்டுகிறவர் இரண்டு நிலையையும் வரைந்து, ஒன்றுக்கு ஏ, இன்னொன்றுக்கு பி என்று பெயர் வைத்து, எது எவ்வளவு பங்கு என்றும் எழுதிவிடுவார். தொடர்புகளை எண்ணும்போது இரண்டையும் வைத்திருந்தால் ஒரே ரெசிட்யூவை இரண்டு தரம் எண்ண நேரும். அதனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடுவோம். எல்லா இடத்திலும் இப்படித்தான். யாரும் இதை ஒரு முடிவாகவே நினைப்பதில்லை. காய் நறுக்கும்போது காம்பைக் கிள்ளிப் போடுகிற மாதிரி, கை தன்னால் செய்துவிடும்.

எங்கள் பழைய புரோகிராம் எப்போதும் ஏ-வை வைத்தது. புதியது பெரிய பங்கு எதுவோ அதை வைத்தது. அறுபத்தொன்றுக்கும் இரண்டு நிலை, நூற்றுப் பதினெட்டுக்கும் இரண்டு நிலை. ஒன்றில் ஏ பெரிய பங்கு, மற்றதில் பி. அதனால்தான் ஒரே புரதத்துக்கு இரண்டு பதில்.

"அப்ப எந்தப் பதில் சரி?" என்று பாண்டி கேட்டான்.

நிர்மலா இரண்டு ஏ-க்களையும் போட்டு நடுவே அளந்தாள். திரும்பவும் அளந்தாள்.

"அண்ணே, ரெண்டு ஆங்ஸ்ட்ராம்கூட இல்லண்ணே."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். பிணைப்பு இல்லாத இரண்டு அணுக்கள் அத்தனை நெருங்கி நிற்கவே முடியாது, ஒன்றை ஒன்று தள்ளிவிடும். அறுபத்தொன்று ஏ-வில் இருக்கும்போது நூற்றுப் பதினெட்டு பி-க்கு ஒதுங்கியிருக்கும். அது ஏ-வுக்கு வரும்போது இது பி-க்குப் போயிருக்கும். அந்தப் பழைய கட்டமைப்பைக் கட்டியவர் ஒவ்வொரு ரெசிட்யூவையும் தனித்தனியாகப் பார்த்து ஏ, பி என்று பெயர் வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து வைத்து அவர் பார்க்கவில்லை. இரண்டு ஏ-க்களும் ஒரே பிரதியில் ஒருபோதும் இருந்ததில்லை. புரோகிராமிடம் நாம் கேட்டது நான்குக்கு உள்ளேயா என்று மட்டும்தான். இரண்டு என்பதும் நான்குக்கு உள்ளேதானே? உண்டு என்று சொல்லிவிட்டது. இவ்வளவு பக்கத்தில் நிற்க முடியுமா என்று யாரும் அதைக் கேட்கச் சொல்லவில்லை. டேபிளிலும் உண்டு என்று மட்டும்தான் வரும், எத்தனை தூரம் என்று வராது.

எனக்குப் பழைய அறை ஒன்று ஞாபகம் வந்தது, அவர்களிடம் சொன்னேன். மதுரைக்கு வந்த புதிதில் காளவாசலுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தேன். வீட்டுக்காரர் ஒரே கட்டிலை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இன்னொருவர் மில்லில் ராத்திரி ஷிப்ட். அவர் எழுந்து போனதும் நான் படுப்பேன், நான் எழுந்து போனதும் அவர் வந்து படுப்பார். தலையணை ஒன்றுதான். அவர் தேய்க்கிற எண்ணெய் வாசனை எனக்குப் பழகிவிட்டது. ஆணியில் இரண்டு சட்டை, டம்ளரில் இரண்டு பிரஷ். யாராவது அறையை எட்டிப் பார்த்தால் உயிர் நண்பர்கள் என்பார்கள். நான் அவர் முகத்தையே பார்த்ததில்லை. மில்லுக்குத் திடீரென்று லீவு விட்ட அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு பேரும் கட்டிலில் படுக்க இடம் போதவில்லை. அவர் தரையில் படுத்தார்.

"அப்ப நம்ம புரோகிராம் ஆணியில தொங்குற சட்டய எண்ணியிருக்கு," என்றாள் நிர்மலா.

சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏ-வை வைப்பதைப் பெரிய பங்கை வைப்பதாக மாற்றியது யார்? புரோகிராமைத் தொடுகிற ஆள் ஒருவர்தான். மாற்றியவர் எங்களிடம் சொல்லவில்லை. பழையதில் ஓட்டிக் கொடுத்த டேபிள்களைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

டாக்டர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"ஏ-வ மட்டும் வெக்கிறத ஏன் மாத்துனீங்க?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "உக்காருங்கண்ணே."

நான் நின்றேன்.

"பழையது சரியில்லன்னு தோணுச்சு, மாத்துனேன். எல்லாரும் செய்யிறதுதான். ஏதோ ஒண்ணு ரெண்டு எடத்துல வித்தியாசம் வரும்னு நினைச்சேன்."

"நிர்மலா கையால எழுதலன்னு உங்களுக்கு டீக்கடையிலயே தெரியும்."

"தெரியாதுண்ணே. சந்தேகம் இருந்துச்சு." தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "பழைய டேபிள் அம்புட்டும் தப்பா இருக்கலாம்னு வெளிய தெரிஞ்சா, இந்த மாடில எட்டுப் பேர் இருக்கோம். நாளைக்கு யாரு நமக்கு வேல குடுப்பா? ஒண்ணு செய்வோம். டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிருவோம். திருட்டுத்தனம் இல்ல, கவனக்குறைவு, அம்புட்டுதான். நிர்மலாட்ட நீங்க பேசுங்க. அவளுக்குப் போன் வந்தா நான் நல்லாச் சொல்லிர்றேன்."

எனக்கு வேலை போவது புதிதில்லை. ஒரு பை, ஒரு பஸ், அவ்வளவுதான் என் சாமான். ஆனால் எட்டுப் பேர் என்றது பொய் இல்லை. பாண்டிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. இந்த மாதிரி நேரத்தில் எது சரி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டதாக நீங்கள் நினைக்க வேண்டாம். படி இறங்கும்போது டாக்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நிர்மலாவிடம் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"நீங்க என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டாள்.

"நான் ஊரவிட்டுப் போயிருவேன். எனக்கு அது வரும். உனக்கு வராது."

"அப்ப ஒத்துக்கவா?"

"ஒத்துக்கிட்டா சீட்டுக்கு வழி கிடைக்கும்னு அவர் சொல்றாரு. ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம், போன் வர்ற அன்னிக்கு உள்ள என்ன சொல்றாருன்னு யாரு கேக்கப் போறா? அது ஒண்ணுதான் எனக்கு இடிக்குது."

அவள் தலையாட்டினாள். என்ன முடிவு செய்தாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளுக்கும் என்மேல் முழு நம்பிக்கை இருக்க வேண்டிய அவசியம் இல்லை, நான் அவளைச் சந்தேகப்பட்டவன்தானே.

வெள்ளிக்கிழமை நான் டாக்டரோடு காரில் போனேன். அவள் பஸ்ஸில் வந்தாள். மேடம் ஒல்லியான ஆள், குரல் மட்டும் பெரிது. பக்கத்தில் ஒரு வருடத்தைத் தொலைத்த அந்த மாணவி நின்றாள். எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஆரம்பித்தார். "மன்னிக்கணும் மேடம். நாங்க செக் பண்ணிட்டோம். டைப்பிங் மிஸ்டேக்தான். நிர்மலா கொஞ்சம் கவனக்குறைவா..."

"டேபிள புரோகிராம்தானே எழுதும்?" என்றார் மேடம். "அதுல இவங்க எங்கிட்டு டைப் பண்ணுனாங்க?"

அத்தனை கெட்டிக்காரரான டாக்டருக்கு இது தோன்றாமல் போயிருக்கிறது. மேடம் நிர்மலாவிடம் திரும்பினார்.

"நீ சொல்லு. டைப் பண்ணுனியா?"

நிர்மலா டாக்டரைப் பார்த்தாள். அப்புறம் அந்த மாணவியைப் பார்த்தாள்.

"இல்ல மேடம். புரோகிராம் குடுத்ததுதான். ஆனா அது குடுத்தது தப்பு. உங்க ஸ்க்ரீன்லயே காட்டவா?"

உட்கார்ந்து காட்டினாள். அறுபத்தொன்றின் இரண்டு நிலைகளையும், நூற்றுப் பதினெட்டின் இரண்டு நிலைகளையும் ஒன்றாகத் தெரிய வைத்தாள். இரண்டு ஏ-க்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதை மாணவிதான் முதலில் பார்த்தாள். "ஐயோ," என்றாள். ஒரு வருடமாகத் தன் கையைச் சந்தேகப்பட்டவள் அவள்.

"அப்ப எங்க புரோகிராம் சரி," என்றார் மேடம்.

"இந்த எடத்துல சரி மேடம். அது பெரிய பங்க வெக்குது. ரெண்டும் பாதிப் பாதியா இருந்தா எதை வெக்கும்?"

மேடம் மாணவியைப் பார்த்தார். "எதை வெக்கும்?"

"முதல்ல இருக்கிறத மேடம்."

"முதல்லன்னா?"

"ஏ."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எங்கள்மேல் இருந்த சந்தேகம் அவருடைய சொந்த முடிவுகள் அடுக்கிய அலமாரிப் பக்கம் திரும்புவதை நான் பார்த்தேன். டாக்டரிடம் திரும்பிக் கேட்டார்.

"இந்த மாதிரி எத்தனை டேபிள் குடுத்திருக்கீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எட்டுப் பேரையும் அந்தப் பார்வையில் வைத்திருந்தார்.

"பழைய மெஷின்ல ஓட்டுனது அம்புட்டையும் திருப்பிப் பாக்கணும் மேடம்," என்றேன் நான்.

"பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் புது வேல கிடையாது." பிறகு நிர்மலாவிடம், "அன்னிக்கு இன்டர்வியூல இப்படிப் பேசியிருக்கலாம்ல?" என்றார்.

"அன்னிக்கு நீங்க இதக் கேக்கல மேடம்."

திரும்பும்போது டாக்டர் தனியாகக் காரில் போய்விட்டார். நானும் நிர்மலாவும் பஸ் ஏறினோம். மாட்டுத்தாவணி வந்ததும், "இனிமே போன் வந்தா அம்புட்டுதாண்ணே," என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த வாரங்களில் பழைய டேபிள்களை எல்லாம் திரும்ப ஓட்டினோம். இரண்டு நிலைகள் இருந்தால் எந்த நிலை எதோடு சேர்ந்து நிற்க முடியும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நான்குக்கு உள்ளேயா என்பதோடு, நிற்க முடியாத அளவுக்குப் பக்கமா என்றும் கேட்க வைத்தோம். அந்தப் புது விதியை எழுதியவர் டாக்டர்தான். ராப்பகலாக உட்கார்ந்து எழுதினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கம்பெனி எங்களை விட்டுப் போனது. மேடம் போகவில்லை. இரண்டு பேர் வேறு வேலைக்குப் போனார்கள், பாண்டி இருந்தான். நிர்மலாவும் டாக்டரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் நான் ஏதாவது ஒரு சாக்கை வைத்துக்கொண்டு டாக்டர் அறையிலேயே கிடந்தேன். இந்த டேபிளைப் பாருங்கள், அந்த டேபிளைப் பாருங்கள் என்று. அவருக்கு எரிச்சல்தான். வெளியே போகச் சொல்லவும் முடியவில்லை, வேலை அப்படி.

ஒருநாள் மத்தியானம் நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போகப் பார்த்தார். நான் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஆமாங்க, இங்கதான் வேல பாக்குறாங்க... வேலயெல்லாம் நல்லாத்தான் செய்வாங்க." எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். "குறையா? குறைன்னு கேட்டா... சந்தேகப் புத்தி ஜாஸ்தி. நாம என்ன குடுத்தாலும் நம்ப மாட்டாங்க. நான் எழுதுன புரோகிராமையே நம்பல, தப்புன்னு நிரூபிச்சிட்டுத்தான் விட்டாங்க."

அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. டாக்டர் சரிங்க, சரிங்க என்றுவிட்டுப் போனை வைத்தார்.

"எடுத்துக்கிறாங்களாம்," என்றார்.

வெளியே வந்து நிர்மலாவிடம் சொன்னேன். நம்பவில்லை. அவர் என்ன சொன்னார் என்று வார்த்தைக்கு வார்த்தை கேட்டாள், சொன்னேன். அதைக் குறையாகச் சொன்னாரா, நல்லதாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை என்பதையும் சொன்னேன்.

டாக்டர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் பேசும்போது உள்ள வேற யாரும் இருந்தாங்களா?"

"நான்தான் இருந்தேன்."

"அதான்," என்றாள்.